மசாய் மாரா போகிறீர்களா? இரவுகளை எண்ணாதீர்கள், டிக்கெட்டை எண்ணுங்கள்

காலை 11.40. மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் செகெனானி கேட்டில் எங்கள் வண்டி நிற்கிறது. ரேஞ்சர் ரசீதை வாங்கிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஓட்டுநரிடம் சுவாஹிலியில் இரண்டு வாக்கியம் பேசினார். ஓட்டுநர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. கடைசி நாள் காலை 10 மணிக்குள் காப்பகத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டுமாம். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம். நான், கணவர், அப்பா மூவருக்கும் தலா 200 டாலர், 11 வயது மகளுக்கு 50. ஆக 650 டாலர்.

ஏஜெண்ட் தந்த தாளில் ‘மூன்றாம் நாள்: காலை உணவுக்குப் பின் புறப்பாடு’ என்று மட்டும்தான் இருந்தது. ஓட்டுநர் எட்டரைக்கே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். நாங்கள்தான் இன்னொரு ஆம்லெட், இன்னொரு காபி என்று உட்கார்ந்திருந்தோம். அப்பா இன்றைக்கும் அதை 650 டாலர் ஆம்லெட் என்றுதான் சொல்கிறார்.

கென்யாவின் மசாய் மாராவுக்கு முதல்முறை போகிறவர்களுக்காக, குறிப்பாக நம் ஊரிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த விலங்கு எப்படி இருக்கும் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. காகிதம், காசு, கடிகாரம் மூன்றும் சரியாக இருந்தால் விலங்கு தானாக வரும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பள்ளி விடுமுறையை வைத்து ஏப்ரல், மே என்று போட்டுவிடாதீர்கள். அங்கே அது பெருமழைக் காலம். விலை குறைவு, கூட்டம் குறைவு, புல் பச்சைப்பசேல் என்று இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் கறுப்பு மண்ணில் வண்டி சிக்கிக்கொண்டால் அரை நாள் போய்விடும். புல்லும் உயரமாக வளர்ந்து சிங்கத்தை மறைத்துவிடும்.

டிவியில் பார்க்கும் அந்தக் காட்சி, அதாவது வில்டபீஸ்ட் என்ற, மாடு போன்ற மான்கள் லட்சக்கணக்கில் மாரா ஆற்றில் குதித்து முதலைகளுக்கு நடுவே நீந்துவது, ஜூலை முதல் அக்டோபர் வரை. மற்ற மாதங்களில் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி தான்சானியாவின் செரங்கெட்டி பக்கம் இருக்கும். பிப்ரவரியில் ‘மைக்ரேஷன் பேக்கேஜ்’ என்று மாராவுக்கு யாராவது விற்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கட்டணமும் மாதத்தைப் பொறுத்ததுதான். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி–ஜூன் நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50. அதற்குக் கீழே இலவசம். ஆற்றுக் காட்சி உங்களுக்கு முக்கியமில்லை என்றால் ஜனவரியும் பிப்ரவரியும் அருமையான மாதங்கள். சிங்கமும் யானையும் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. பாதிக் கட்டணத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கலாம். நாங்கள் ஆகஸ்டில் போனோம். மறுபடி போனால் பிப்ரவரியில்தான்.

2. எங்கே தங்குவது என்பதை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள்

‘மாராவில் லாட்ஜ்’ என்று விளம்பரத்தில் இருக்கும். அது மூன்றில் எது என்று கேளுங்கள்.

ஒன்று, காப்பகத்துக்கு உள்ளே. விடிந்ததும் வாசலிலிருந்தே சுற்றக் கிளம்பலாம். விலை அதிகம்.

இரண்டு, கேட்டுக்கு வெளியே. செகெனானி, தலெக் கேட்டுகளைச் சுற்றிச் சிக்கனமான கூடார முகாம்கள் நிறைய உண்டு. அறை வாடகை குறையும். ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்டைத் தாண்ட டிக்கெட் வேண்டும். அது காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும், ஒரு முறை நுழைய மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்கு முகாமுக்கு வந்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள், எல்லா முகாமிலும் செய்வார்கள்.

மூன்று, கன்சர்வன்சி. காப்பகத்தை ஒட்டி மசாய் மக்கள் தங்கள் நிலத்தை விலங்குகளுக்கு விட்டுக் குத்தகைப் பணம் வாங்கும் பகுதிகள் இவை. நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் என்று பல. இங்கே தங்குகிறவர்களின் வண்டி மட்டும்தான் உள்ளே வரும் என்பதால் நெரிசல் இல்லை. காப்பகத்துக்குள் தடை செய்யப்பட்ட இரவுச் சுற்று, நடைச் சுற்று, தடத்தை விட்டு இறங்கி ஓட்டுவது எல்லாம் இங்கே உண்டு. கன்சர்வன்சி கட்டணம் தனி. பெரும்பாலும் அறை வாடகையோடு சேர்த்தே சொல்வார்கள். மாரா காப்பகத்துக்குள் ஒரு நாள் போக வேண்டுமென்றால் அந்த டிக்கெட் மறுபடி தனி.

இன்னொன்று. மாரா ஆற்றுக்கு மேற்கே இருப்பது மாரா ட்ரையாங்கிள், அதன் நிர்வாகம் வேறு. கிழக்கே இருப்பது நரோக் மாவட்ட அரசின் நேரடிப் பொறுப்பு. உங்கள் டிக்கெட் எந்தப் பக்கத்துக்கு, இன்னொரு பக்கம் போனால் கூடுதல் பணம் உண்டா என்பதை வாயால் அல்ல, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. கொட்டேஷனை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பணம் போவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

‘3 நாள் 2 இரவு’ என்பதை எல்லோரும் இரவு எண்ணிக்கையாகத்தான் பார்க்கிறோம். நீங்கள் டிக்கெட்டை எண்ணுங்கள். நைரோபியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால் செகெனானி கேட்டுக்கு வர மதியம் ஆகிவிடும். அன்று டிக்கெட் எடுத்தால் 200 டாலரில் பாதி நேரம் ஏற்கெனவே போயாயிற்று. இரண்டாம் நாள் முழு நாள், இரண்டாவது டிக்கெட். மூன்றாம் நாள் காலை? உள்ளே தங்கியிருந்தால் 10 மணிக்குள் வெளியே வந்துவிட்டால் தப்பிக்கலாம். வெளியே தங்கிவிட்டு ‘போகும் வழியில் காலையில் ஒரு சுற்று’ என்றால் அது மூன்றாவது டிக்கெட்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஆகஸ்டில் ஒருவருக்கு இரண்டு டிக்கெட்டே 400 டாலர். யாராவது வண்டி, ஓட்டுநர், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 450 டாலர் என்றால் அவர் வள்ளல் அல்ல, ஏதோ ஒன்றை விட்டிருக்கிறார். வழக்கமாக விடுவது இதுதான்: முதல் நாள் மாலையில் காப்பகத்துக்குள் போகாமல் ‘மசாய் கிராமத்தைப் பார்வையிடுதல்’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் கிராமத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று அங்கே போனபின் தனியாகக் கேட்பார்கள்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை, நான் இப்போது நண்பர்களுக்கு அனுப்பும் அதே வரிசையில்:

- விலையில் எத்தனை காப்பக டிக்கெட் அடக்கம்? எந்தெந்தத் தேதிக்கு?
- கடைசி நாள் எத்தனை மணிக்கு எந்த கேட்டைத் தாண்டுகிறோம்?
- வண்டி எது? வேனா, லேண்ட் க்ரூஸரா? எத்தனை பேர் ஏறுவோம்?
- வண்டி எங்களுக்கு மட்டுமா, மற்றவர்களும் சேர்வார்களா?
- ஓட்டுநரின் சாப்பாடு, தங்கும் செலவு யார் தலையில்?
- பணம் கட்டிய கட்டண ரசீதின் நகல் எங்களுக்குக் கிடைக்குமா?

வேன் மலிவு, உலர்ந்த பாதையில் பரவாயில்லை. லேண்ட் க்ரூஸர் உயரமானது, கூரை முழுவதும் மேலே தூக்கும், சேற்றிலும் போகும். நான்கு பேர் சேர்ந்தால் தனி வண்டி எடுத்துவிடுங்கள். வித்தியாசம் தலைக்குப் பங்கிட்டால் தாங்கக்கூடியதுதான். சேர்ந்து போகும் வண்டியில் ஆறு பேர் இருந்தால், நீங்கள் யானையைப் பார்க்க நிற்கச் சொல்லும்போது இன்னொருவர் சிறுநீர் கழிக்க லாட்ஜுக்குத் திரும்பச் சொல்வார்.

ஆள் உண்மையானவரா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள். கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம், அதன் எண்ணைக் கேளுங்கள். கேட்டோ என்று சுருக்கமாகச் சொல்லும் கென்யச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று சங்கத்தின் பட்டியலிலேயே பார்க்கலாம். வழிகாட்டிகளுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வு வைத்துத் தரும் பட்டயம் உண்டு. வெள்ளிப் பட்டய ஓட்டுநர் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கணக்குக்கு முன்பணம் மட்டும், மீதி போவதற்கு முன் என்பதுதான் முறை.

4. மஞ்சள் காய்ச்சல் ஊசி: கேட்பது கென்யா அல்ல, நம் நாடு

இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் கென்யாவில் இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ‘அப்போ வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் கேட்பார்கள். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தினமும் நினைத்த நேரத்தில் போய்ப் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கிறது. திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் நாள் குறித்து, ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். விடுமுறைக் காலத்தில் முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும். அசல் பாஸ்போர்ட், அதன் நகல், பயண விவரம் எடுத்துப் போங்கள். மஞ்சள் அட்டையில் பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி தேதி, முத்திரை நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். மகளின் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், மறுபடி கிண்டிக்கு ஓடினேன்.

60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் எல்லோரும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். அப்பாவுக்கு 64. குடும்ப மருத்துவரிடம் பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டிவிட்டுத்தான் அழைத்துப் போனேன். விமான டிக்கெட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நான் செய்தது பிறகு. ஊசி கூடாது என்று சொல்லியிருந்தால் டிக்கெட் பணம் போயிருக்கும். ஒரு நல்ல செய்தி: ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

மலேரியாவுக்குப் பயணிகளுக்கு ஊசி இல்லை, மாத்திரைதான். எந்த மாத்திரை என்பதை மருத்துவர் சொல்லட்டும். சிலவற்றைப் பயணம் முடிந்து ஒரு வாரம், சிலவற்றை நான்கு வாரம் தொடர வேண்டும். ஊர் திரும்பிய மறுநாளே நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

5. இ.டி.ஏ: விசா இல்லை, ஆனால் அனுமதி வேண்டும்

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவை எடுத்துவிட்டு இ.டி.ஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை வைத்திருக்கிறது. ‘கென்யாவுக்கு விசா தேவையில்லை’ என்று கேள்விப்பட்டு அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள்; இது இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம்.

அடிப்படைக் கட்டணம் 30 டாலர், கார்டில் கட்டும்போது சிறு கூடுதல். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். பார்க்க அரசுத் தளம் போலவே கொடி, சின்னம் எல்லாம் இருக்கும், இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓ புள்ளி கேஈ’ என்று முடியும். அதைப் பார்த்தபின் கார்டை எடுங்கள்.

வேண்டியவை: ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், அதன் முதல் பக்கப் படம், முகப் படம், போக வர விமான டிக்கெட், தங்குமிட முன்பதிவு. முதல் இரவு நைரோபியில் என்றால் அந்த ஓட்டல் பதிவும் வேண்டும். மூன்று வேலை நாளில் வரும் என்பார்கள். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். வந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் பிறப்புச் சான்றிதழும் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

மாராவும் செரங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டியே இருக்கும். ‘அப்படியே எல்லை தாண்டிப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று தோன்றும். முடியாது. விலங்குகள்தான் அப்படிப் போகும். நீங்கள் இசெபானியா போன்ற எல்லைச் சாவடிக்குச் சுற்றிப் போய், தான்சானியா விசா தனியாக எடுத்து, அங்கே வேறு வண்டியில் ஏற வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று 100 டாலருக்கு ஒன்று உண்டு. அது கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு. தான்சானியா அதில் இல்லை.

6. நைரோபியிலிருந்து மாரா வரை

சென்னையிலிருந்து மும்பை வழியாகவோ வளைகுடா நகரங்கள் வழியாகவோ போகலாம். எங்களுக்கு ஆளுக்கு 52,000 ரூபாய் ஆனது, மூன்று மாதம் முன்பே எடுத்ததால். வந்திறங்கிய அன்றே மாராவுக்குக் கிளம்பும் திட்டம் போடாதீர்கள். விமானம் தாமதமானால் ஒரு டிக்கெட் நாள் போய்விடும்.

சாலையில் போனால் மாய் மஹியூ, நரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம். வழியில் பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேட்டில் வண்டி நிற்கும். காட்சி இலவசம், பின்னால் இருக்கும் கடை அப்படியில்லை. அங்கே சொல்லும் விலையில் பாதிக்கும் கீழே ஆரம்பியுங்கள். நரோக்தான் கடைசிப் பெரிய ஊர். ஏ.டி.எம், மருந்துக் கடை எல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பறப்பது என்றால் முக்கால் மணி நேரம்தான், ஆனால் வில்சன் விமான நிலையத்திலிருந்து. சென்னையிலிருந்து வந்திறங்குவது ஜோமோ கென்யாட்டாவில். இரண்டும் வேறு வேறு, நடுவே நைரோபி நெரிசல். மாற மூன்று மணி நேரமாவது வையுங்கள். சிறு விமானத்தில் கைப்பை உட்பட 15 கிலோதான், அதுவும் துணிப் பைதான். சக்கரம் வைத்த கடினமான பெட்டி அந்த விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது. மாராவில் ஓடுதளங்கள் பல. கீக்கொரோக், ஓல் கியோம்போ, முசியாரா என்று உங்கள் லாட்ஜுக்குப் பக்கத்தில் எது என்பதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

என் யோசனை: சாலையில் போகிறவர்கள் முதல் இரவு கேட்டுக்கு வெளியே மலிவான முகாமில் தங்கிவிட்டு, மறுநாள் காலை 6 மணிக்கு நுழையுங்கள். முதல் டிக்கெட்டின் 12 மணி நேரமும் உங்களுக்கு.

7. பணம்

டாலர் நோட்டுகள் புதியவையாக இருக்கட்டும். 2009க்கு முன் அச்சடித்தவற்றையும், கிழிந்தவற்றையும், பேனாவால் எழுதியவற்றையும் வாங்க மாட்டார்கள். நம் ஊரில் பணம் மாற்றும்போதே ஒவ்வொன்றாக ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். சில்லறைச் செலவுக்குக் கென்ய ஷில்லிங்.

ஓட்டுநருக்கு அன்பளிப்பு என்பது எழுதப்படாத சட்டம். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர் அளவில் கணக்கு வைத்து, கடைசி நாள் உறையில் போட்டுக் கொடுங்கள். லாட்ஜ் பணியாளர்களுக்குப் பெட்டி வைத்திருப்பார்கள்.

இந்திய ஏஜெண்டிடம் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியாக ஒரு தொகை கூடுதலாகப் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதுவரை உங்கள் கையிலிருந்து போயிருக்கும், அதை ஏற்பாடு செய்து வையுங்கள். யார் பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். வரி கட்டும் ஆளின் பெயரிலேயே பில் இருக்கட்டும்.

பலூன் சவாரி தலைக்கு 450 டாலருக்கு மேல். நாங்கள் போகவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு நாள் டிக்கெட் வாங்கலாம் என்பது என் கட்சி. கணவர் கட்சி வேறு.

காப்பீட்டில் அவசர விமான மீட்பு இருக்கிறதா என்று பாருங்கள். மாராவிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் நைரோபிதான். அம்ரெஃப் என்ற பறக்கும் மருத்துவர் சேவையின் குறுகிய காலத் திட்டமும் தனியாகக் கிடைக்கிறது.

8. பையில் என்ன, என்ன கூடாது

கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து தடை, விளையாட்டல்ல. காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் 2020 ஜூன் முதல் கூடாது, தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தி. அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கு, தட்டை, பருப்புப் பொடி எல்லாம் நான்கு கேரி பேக்கில் இருந்தன. கிளம்பும் முன் இரவு உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினேன். மஞ்சப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் போதும். பச்சைக் காய், பழம், விதை, கறிவேப்பிலை எதுவும் வேண்டாம்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். தலைமுறைகளாக இந்திய வம்சாவளியினர் வாழும் நாடு. சப்பாத்தியும் சாயாவும் அங்கே அதே பெயரில் உள்ளூர்ச் சாப்பாடாகிவிட்டன. முட்டையும் கூடாது என்றால் மட்டும் முன்பே எழுதிச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையோடு போய் நடுங்காதீர்கள். மாரா கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துக்கும் மேலே. ஆகஸ்டில் காலை 6 மணிக்குக் கூரை திறந்த வண்டியில் ஊட்டிக் குளிர். குரங்குக் குல்லாயைக் கேலி செய்துகொண்டே வந்த மகள் இரண்டாம் நாள் அதை என் அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். காக்கி, பழுப்பு, சாம்பல் நிறம் நல்லது. கருநீலமும் கறுப்பும் செட்சி ஈக்களை இழுக்கும். ராணுவ உடை போல் திட்டுத் திட்டாக இருப்பதைக் கட்டாயம் தவிருங்கள், கென்யாவில் அது குற்றம். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். பிளக் நீள்சதுர மூன்று முள், சிங்கப்பூரில் இருப்பதே. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று; ஒன்றே ஒன்று என்றால் அது குடும்பச் சண்டை.

9. வண்டிக்குள் ஏறியபின்

ஓட்டுநரின் ரேடியோவைக் கவனியுங்கள். சிம்பா என்றால் சிங்கம், தெம்போ யானை, நியும்பு வில்டபீஸ்ட், ஃபீசி கழுதைப்புலி. சுயீ என்பது சிறுத்தை, தூமா என்பது சிவிங்கிப்புலி. நம் வீட்டுப் பேச்சில் பின்னிரண்டுக்கும் ‘சிறுத்தை’ என்றே சொல்லிவிடுகிறோம். அப்பாவும் அப்படித்தான், கடைசி வரை மாறவில்லை. ஒரு கரையான் புற்றின் மேல் ஏறி நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்று. கண்ணிலிருந்து வாய் வரை மை வழிந்தது போல் கறுப்புக் கோடு. அந்தக் கோடு இருந்தால் சிவிங்கிப்புலி.

ஆற்றுக் காட்சிக்கு அட்டவணை கிடையாது. நாங்கள் மூன்று மணி நேரம் கரையில் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் கூடி நின்றன. ஒரு வரிக்குதிரை மட்டும் இறங்கி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தலையைத் தூக்கிப் பார்த்து, திரும்பி மேலே ஏறிவிட்டது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் கலைந்து போனது. மறுநாள் வேறு இடத்தில், வந்த பத்தே நிமிடத்தில் குதித்தன. அதனால் ஆற்றுக்காகப் போகிறவர்கள் குறைந்தது இரண்டு முழு நாள் வையுங்கள்.

தடத்தை விட்டு இறங்கச் சொல்லி ஓட்டுநரை நெருக்காதீர்கள். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது என்பது விதி. மீறினால் அபராதமும் அவப்பெயரும் அவருக்கு. மாறாக, ‘கூட்டம் இல்லாத இடத்துக்குப் போங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். கழிப்பறை என்று எதுவும் வழியில் இருக்காது. அவர் பார்த்துச் சொல்லும் புதரின் பின்னால்தான். அவர் சொல்லாமல் காலைக் கீழே வைக்கக் கூடாது.

வேலி இல்லாத முகாம்களில் இருட்டியபின் தனியாக நடக்க விடமாட்டார்கள். காவலர் டார்ச்சோடு வருவார். கூடார ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள். குரங்குகள் பகலிலேயே உள்ளே புகுந்து முறுக்கு டப்பாவைத் திறக்கும். திறந்தது எங்களுடையதுதான்.

10. திரும்பும் நாள்

காப்பகத்துக்குள் தங்கியிருந்தால் முந்தைய இரவே கணக்கை முடித்து, காலை உணவைக் கட்டித் தரச் சொல்லுங்கள். விடிந்ததும் பெட்டிகளோடு ஒரு சுற்று போய், அப்படியே கேட்டை நோக்கி வந்துவிடலாம். லாட்ஜிலிருந்து கேட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடும், வழியில் யானைக் கூட்டம் பாதையை மறித்தால் அது நகரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். 9 மணிக்கு அலாரம் வையுங்கள்.

மஞ்சள் அட்டை நான்கும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். சென்னையில் சுகாதார மேசை குடியேற்ற வரிசைக்கும் முன்னால் இருக்கிறது. பெட்டி வரும் பெல்ட் அதற்கெல்லாம் அப்பால். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் அட்டை பெட்டியில் இருக்கிறது என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் நான்கு அட்டையையும் காட்டிவிட்டுத் தாண்டும்போதும் அவர் விளக்கிக்கொண்டுதான் இருந்தார்.